"நீங்களே படித்துக்கொள்ளுங்கள்"

நூலகங்களைப் பற்றிய கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கின்றது: "எல்லாம் இணையத்தில் இருக்கின்றதே, நூலகர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்ளலாம்தானே?" சொல்பவர் உயர் அதிகாரியாக இருப்பார். அல்லது கனடாவிலிருந்து வந்து, நான்கு கணினிகளை அன்பளிப்புச் செய்து, பொன்னாடையோடு நிற்கும் நம்மவராக இருப்பார். சபையோர் கைதட்டுவர். எனக்கோ அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கோபம் வருகின்றது.

இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய ஹெலன் புளோவர்ஸ் என்ற அம்மையார், 2006இல் தமது நூலக ஊழியர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். இணையக் கருவிகளில் இருபத்து மூன்று சிறு பயிற்சிகள், ஒன்பது வாரங்கள். வகுப்பறை கிடையாது, அவரவர் தம் போக்கில் செய்து பார்க்கவேண்டியதுதான். முடித்தவருக்கு எம்பி3 இசைக் கருவி ஒன்று பரிசு. '23 விடயங்கள்' எனப் பெயர் பெற்ற இத்திட்டத்தைப் பல நாட்டு நூலகங்கள் பின்பற்றின.

ஆனால் அங்கே பட்டியலை வகுத்தது நூலகம். கால எல்லையைக் குறித்தது நூலகம். பரிசுக்குப் பணம் ஒதுக்கியதும் நூலகந்தான். கற்கும் முயற்சி மாத்திரமே ஊழியருடையது. நாமோ 'தானே கற்றல்' என்பதிலிருந்த 'தானே'யை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, மிகுதியைச் சுங்கத்திலேயே கைவிட்டுவிட்டோம்.

அதே 2006இன் இறுதியில் வாகரை மக்கள் ஷெல் வீச்சுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஏதிலிகளாக வந்து சேர்ந்தார்கள். (வெளிநாட்டு வாசகருக்காக: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ளது படுவான்கரை, கிழக்கே கடலோரம் எழுவான்கரை.) நாம் பின்தங்கியதற்கு அது ஒரு காரணம். இன்றைக்கும் அதையே காரணமாகச் சொல்ல முடியாது. மண்முனைப் பாலம் திறந்தே 2014இல். அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

படுவான்கரையில் ஒரு பிரதேச சபை நூலகம், பெயர் வேண்டாம். அங்குள்ள உதவியாளர் காலையில் பத்திரிகைகளைக் கோர்க்க வேண்டும், இரவல் பதிவேட்டை எழுத வேண்டும், மாத அறிக்கை அனுப்ப வேண்டும். சபையில் ஆள் குறைந்தால் வரி அறவிடும் மேசையிலும் அமர வேண்டும். இணையத்தில் ஏதேனும் படிப்பதென்றால் அவருடைய சொந்தக் கைப்பேசி, சொந்தப் பணத்தில் டேட்டா, அதுவும் பிள்ளைகள் உறங்கிய பிறகு. யூரியூபில் கிடைக்கும் பாடங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நூல்களின் விபரத்தை எக்ஸெலில் ஏற்றியிருக்கிறார். பல மாத உழைப்பு. ஆனால் அத்தனையும் பாமினி எழுத்துருவில்! பத்திரிகை அலுவலகத்தில் நாங்கள் பல்லாண்டு கட்டிக்கொண்டு அழுத அதே பாமினி. திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும், கோப்பினுள் இருப்பது அரைப்புள்ளி கலந்த ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில் தட்டச்சிட்டுத் தேடும் மாணவனுக்கு அந்த நூலகத்தில் ஒரு தமிழ் நூல்கூட இல்லை! விபுலாநந்தர் பிறந்த மண்ணில், அவர் பெயரை இட்டுத் தேடினால் வெறுந்திரை. ஒருங்குறிக்கு மாற்றினாலும் சிக்கல் தீராது. 'விபுலாநந்தர்', 'விபுலானந்தர்' என இருவகையாகவும் எழுதுகிறோம். எதை எழுதித் தேடினாலும் ஒரே இடத்துக்கு வரச் செய்யும் வழியை எவராவது அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். எக்ஸெல் தெரிந்தவருக்கு இது அரைநாள் பாடம். அந்த அரைநாளைக் கொடுக்க ஆளில்லாமல் ஓர் ஊழியரின் மாதங்கள் வீணாயின.

"நூலகம் இணையத்தளத்தை உருவாக்கிய இளைஞர்கள் தாமாகக் கற்கவில்லையா? தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்த மயூரநாதன் யாரிடம் படித்தார்?" என்று மடக்குவோர் உளர். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் அந்தத் தன்னார்வலர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் அது அவர்கள் விரும்பி ஏற்ற தவம். அந்தத் தவத்தைச் சம்பள ஊழியரின் சேவை நிபந்தனையாக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. அந்த அதிகாரி தமது கோப்பு முறையை விடுமுறையில், சொந்தச் செலவில் கற்றவரா?

ஊழியர் தரப்பையும் விட்டுவிட மாட்டேன். செயலமர்வென்றால் சான்றிதழுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வருவோர் உளர். "ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடந்தான், இனி எனக்கெதற்கு?" என்போரும் உளர். இருக்கட்டும். கற்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தச் சாக்கும் அற்றுப்போகும்.

அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மட்டக்களப்பில் எரிக்க ஆள் வேண்டியதில்லை, தண்ணீரே போதும். 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 ஆழிப்பேரலை, 2011 சனவரி வெள்ளம். அண்ணாவிமாரின் வீடுகளில் கூத்துக் கொப்பிகள் இன்னும் இருக்கின்றன. கோயில் மலர்களும் நின்றுபோன சிற்றிதழ்களும் பரண்களில் கிடக்கின்றன. கைப்பேசியால் ஒழுங்காகப் படமெடுத்து, ஊர், ஆண்டு, எழுதியவர் பெயரோடு ஒருங்குறியில் பதியத் தெரிந்த ஓர் உதவியாளர் ஒவ்வோர் ஊர் நூலகத்திலும் இருந்தால், அடுத்த வெள்ளத்துக்கு முன் எவ்வளவோ கரை சேர்க்கலாம்.

2025 மே மாதத் தேர்தலின் பின் மாவட்டத்தின் பன்னிரண்டு உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். அவர்களிடம் நான் கேட்பது, நூலக ஊழியருக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம், வேலை நேரத்துக்குள், எழுத்து மூலம். டேட்டாவுக்குச் சபை நிதி. முடித்தவருக்குப் பதவியுயர்வில் ஒரு புள்ளி. பாடங்களைத் தமிழில் எழுதித் தரும் வேலையைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து நூலகத்தார் ஏற்கலாம். கணினி அன்பளிப்புச் செய்யும் புலம்பெயர் அன்பர்கள் அடுத்த முறை ஐந்தாவது கணினிக்குப் பதிலாக அந்தப் பாடங்களை எழுதுவோருக்குக் கூலி கொடுக்கலாம். பொன்னாடை அதற்கும் உண்டு.

வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ ஏதேனும் ஒரு சபை முதலில் தொடங்கட்டும். அந்தச் சுற்றறிக்கையின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பினால், ஓர் எழுத்தும் குறையாமல் இங்கே வெளியிடுவேன்.