பௌதிகவியல் எடுக்காத பிள்ளைக்கு மருத்துவ பீடம் இல்லை



இரண்டு வருடத்துக்கு முன், கம்பஸ் கைநூல் கடைக்கு வந்த வாரம், பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி தன் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு ஏ, ஒரு பி. "சேர், மெடிசினுக்கு எந்தக் கம்பஸை முதலில் போடணும்? யாழ்ப்பாணமா, பேராதனையா?" என்று கேட்டாள். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

முடிவுத் தாளைப் பார்த்தேன். உயிரியல், இரசாயனவியல், விவசாய விஞ்ஞானம்.

மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். விவசாயம் எடுத்தால் இசட் புள்ளி எவ்வளவு கூடினாலும் பலனில்லை. அவள் தரம் 12க்கு வந்தபோது பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. இருந்த ஆசிரியரின் பாடத்தை எடுத்துவிட்டாள். அவளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவன் நான்தான். இரண்டு வருடம் அவள் முன்னால் நின்றிருக்கிறேன், என்னவாக வர ஆசை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அன்று அந்த அப்பாவிடம் அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரமானது.

ஓ.எல். முடிவோடு எத்தனையோ வீடுகளில் இப்போது பாடத் தெரிவு நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கட்டுரை, நேர்முகம், ஆஸ்பத்திரியில் தொண்டு செய்த கணக்கு என்று பல வழியில் விண்ணப்பத்தைப் பலப்படுத்தலாம். நமது அரச கம்பஸின் வழமையான தெரிவில் அப்படி எதுவும் இல்லை. சான்றிதழ் கட்டுக் கட்டாக வைத்திருந்தாலும் பார்க்க மாட்டார்கள். சரியான மூன்று பாடம், அவற்றின் சராசரி இசட் புள்ளி, எந்த மாவட்டம், இவைதான் முக்கியம்.

மாவட்டம் என்றதும் நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்பது நாம் பழகி வந்த கணக்கு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. வசதியுள்ள வாப்பாமார் ஓ.எல். முடிந்த கையோடு பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். எந்த மாவட்டம் என்று தீர்மானிக்க, பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடமும் பிள்ளை எங்கே படித்தது என்று ஆணைக்குழு கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. நல்ல டியூஷன் தேடிப் போய், கையிலிருந்த பதுளை வெட்டுப்புள்ளியைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

மற்றவர்கள் "கோட்டா இருக்குத்தானே" என்று சும்மா இருக்கிறார்கள். கோட்டா மாவட்டத்துக்கே தவிர தோட்டத்துக்கு இல்லை. மடுல்சீமைப் பிள்ளையும் பதுளை நகரின் பெரிய பாடசாலைப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஒருவருக்கு ஆய்வுகூடமும் மூன்று ஆசிரியர்களும். மற்றவருக்கு பஸ் வந்தால்தான் பாடமே.

விண்ணப்பப் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே மருத்துவத்தைப் போட்டால் கீழே உள்ளவை கிடைக்காமல் போகும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. அது தவறு. உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் ஆக மேலே எழுதியதைத்தான் தருவார்கள். ஆகவே ஆசைப்படும் ஒழுங்கிலேயே எழுதுங்கள், ஆனால் மருத்துவத்தோடு நிறுத்தாதீர்கள். பல் மருத்துவம், மிருக வைத்தியம், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், யூனானி, சித்தா என்று கீழே இறங்கிப் போங்கள். மருத்துவ பீடங்களை மட்டும் எழுதிவிட்டு, கொஞ்சம் புள்ளி குறைந்ததால் வெறுங்கையோடு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நகையை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள், ஏஜென்ட் காட்டும் படத்தை நம்புவதற்கு முன் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலைப் பாருங்கள். திரும்பி வந்து ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் சித்தியடைய வேண்டும். அந்தச் செலவையும் காலத்தையும் எந்த ஏஜென்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி நமக்கு நாமே சொல்ல வேண்டியது. கம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு ஜமாஅத்திலும் கோவில் கமிட்டியிலும் பொன்னாடை போடுகிறோம், லெப்டொப் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எப்படி வந்தது என்று யார் பார்த்தோம்? அதே பணத்தைத் தரம் 12 இல் போடுவோம். லுணுகலையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் வரும் பஸ் காசு, சனி ஞாயிறில் ஒரு பௌதிகவியல் ஆசிரியருக்கான கொடுப்பனவு. மொத்தமாகப் பார்த்தால் ஒரு பாராட்டு விழாவின் சாப்பாட்டுச் செலவை விடக் கூடாது.

பதுளை பெரியாஸ்பத்திரி வாட்டில் ஒரு தோட்டத்து அம்மா "நெஞ்சு அடைக்குது, வலிக்கல" என்பதை டொக்டருக்கு விளங்கவைக்கத் தெரியாமல் பக்கத்துக் கட்டில்காரரிடம் கெஞ்சியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாட்டுக்கு நம் மொழி பேசும் டொக்டர் வேண்டும்.

அந்த மாணவி இப்போது விவசாய பீடத்தில் இரண்டாம் வருடம். நன்றாகப் படிக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது, தரம் 12க்குப் போகும் தன் தம்பியையும் கூட்டி வந்தாள். "இவனுக்கு பிஸிக்ஸ் யார் சேர் படிப்பிப்பாங்க?" என்று கேட்டாள்.

பதில் சொல்லவில்லை. பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கம் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்கக்கூடியவர்கள், கம்பஸ் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்களும் கூட, இன்பொக்ஸில் பேசுங்கள். இடம் பார்த்துவிட்டோம். கரும்பலகையும் இருக்கிறது.