பதக்கத்தோடு முடிவதா புத்தாக்கம்?

புத்தாக்கப் போட்டிகளில் நம் தமிழ்ப்பள்ளி மாணவர் பதக்கம் பெற்று வருகின்றனர். மாலை சூட்டுகிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த திங்களே அப்பொருள் அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறது. இதையா வெற்றி என்பது?

"சிறுவர்க்கு வணிகம் எதற்கு?" என்பர் சிலர். நாம் வேண்டுவது வணிகமன்று; தொடங்கியதை முடிக்கும் பயிற்சி. கோவை அருணாசலம் முருகானந்தத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். மலிவான மாதவிலக்கு அணையாடை செய்யும் பொறியைப் படைத்தார். முதலில் பஞ்சை நம்பித் தோற்றார். பயன்படுத்துவோரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். மரக்கூழ் இழையே ஏற்றதென அறிய ஆண்டுகள் கடந்தன. பெருநிறுவனங்களுக்கு விற்காமல், மகளிர் குழுக்களிடம் பொறியைச் சேர்ப்பித்தார். பத்மஸ்ரீ விருது 2016இல்தான் வந்தது.

ஆசிரியர்களே, சட்டத்தையும் அறிவோம். மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை நாமே வெளிப்படுத்தினால் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தவறினால் புதுமை என்னும் தகுதியை அது இழக்கும். பல அயல்நாடுகளில் அச்சலுகையும் இல்லை. ஆதலின் மேடைக்கு முன் விண்ணப்பம் என்பதே முறை.

ஜுருவைச் சுற்றிப் பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் தொழிற்சாலைகள் உள்ளன. அங்கே உழைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. மாணவன் செய்த பொருளை அவர்கள் கையில் கொடுத்துக் கேளுங்கள்: இது உழைக்குமா? என்ன செலவாகும்? யார் வாங்குவார்? இக்கேள்விகளுக்கு விடை தேடாத பள்ளி, பதக்கத்தைக் காட்டிப் பெருமை பேசுதல் தகாது.