கத்தும்வரை காத்திருக்கச் சொல்பவருக்கு

பிரேக் பேடு கீச்சென்று கத்தாதவரை அதில் கை வைக்காதே என்று சென்ற இதழில் ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகர் உஸ்மான் சாலையிலும் முப்பது வருஷம் கார் ஓட்டிய அனுபவம் அவருக்கு உண்டாம். ஆகவே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குச் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கும் அதே விதி போதுமாம். பாதி தேய்ந்த பேடைக் கழற்றுவது பணக்காரப் பதற்றம், ஒர்க்‌ஷாப்காரர் விரிக்கும் வலை என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆபீஸுக்கும் கடைக்கும் போய்வரும் காரில் ஐந்து மில்லி மிச்சமிருக்கும்போதே பேடை மாற்றச் சொல்லும் மெக்கானிக் காசு பார்க்கிறார். அதற்குமேல் அந்தக் கட்டுரையில் ஒரு பத்திகூடத் தேறாது.

அவருடைய பெரிய அஸ்திரம், டிராக்கைவிட தி.நகர் நெரிசல்தான் பேடை அதிகம் தின்கிறது என்பது. பனகல் பூங்காவைச் சுற்றி வருவதற்குள் நாற்பது முறை பிரேக் மிதிக்கிறோம், டிராக்கில் ஒரு சுற்றுக்கு ஏழெட்டு முறைதானே என்கிறார். மிதித்த எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுகிறவருக்கு பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 1,100 கிலோ எடையுள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் பிரேக்குகள் விழுங்க வேண்டியது சுமார் 68 கிலோஜூல். அதே கார் நேர்ச்சாலையின் முடிவில் 160-லிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 930 கிலோஜூல். உஸ்மான் சாலையின் பதினான்கு நிறுத்தங்களை ஒரே மிதியில், மூன்று நான்கு விநாடிக்குள் போட்டு அடைப்பதற்குச் சமம் அது. இதில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் தலையில் விழுகிறது. இருங்காட்டுக்கோட்டைச் சுற்று 3.717 கிலோமீட்டர். ஒரு சாதாரண ஹேட்ச்பேக் அதை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் முடித்துவிட்டு, டிஸ்க் ஆறுவதற்குள் அதே வளைவுக்கு மறுபடியும் வந்து நிற்கும். பனகல் பூங்கா சிக்னலில் அன்பரின் டிஸ்க் ஓய்வெடுக்கிறது. ஓய்வு கிடைக்காதது மனிதருக்குத்தான்.

பேடு தேய்கிறது என்றால் உரசும் சரக்கு குறைகிறது, அவ்வளவுதான் என்று அவர் நினைக்கிறார். அங்கேதான் மொத்தக் கட்டுரையும் சறுக்குகிறது. டிராக்கில் பேடுக்கு இன்னொரு வேலை உண்டு. கொதிக்கும் டிஸ்க்குக்கும் காலிப்பர் பிஸ்டனுக்கும் நடுவில் சூட்டைத் தடுத்து நிற்பதும் அதுதான். அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கும் கரித்துணி நைந்துபோனால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பேடு மெலிய மெலிய அந்தச் சூடு பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பேடு தேய்ந்த அளவுக்கு பிஸ்டனும் வெளியே வந்திருக்கும். அது விட்டுவந்த இடத்தில் ஆயில் நிறைந்து, சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்த ஆயிலின் கதை சென்னைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறவை. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. 3.7 சதவீதம் அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்றில் வருஷக்கணக்காக நின்ற காரில் எந்த ஆயில் இருக்கும் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைவரை போய் உட்கார்ந்துவிடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். பேடே சூட்டில் தோற்றுப்போவது வேறு ரகம். அப்போது பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இந்த இரண்டையும் அன்பர் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பிரேக் பிடிக்காவிட்டால் இன்னும் அழுத்தி மிதிக்கச் சொல்கிறார். ஆயில் கொதித்த காரில் அவர் எதை அழுத்துவாராம்?

இன்னொன்றும் அவர் கண்ணில் படவில்லை. டிராக்கில் பேடு சீராகத் தேயாது. முதல் பாதி மெதுவாகப் போகும். அதே சூட்டைக் குறைந்த சரக்கு தாங்க வேண்டியிருப்பதால் மறுபாதி விறுவிறுவென்று கரையும். காலையில் இவ்வளவுதானே போனது என்று நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டவர் மூன்றாவது செஷனில் பேடைத் தாங்கும் முதுகுத் தகட்டின் இரும்பு டிஸ்க்கில் உரசும் சத்தத்தைக் கேட்பது இப்படித்தான்.

சத்தம் என்றதும் அந்தக் கீச்சொலி. பேடில் ஒட்டியிருக்கும் சின்ன இரும்பு நாக்கு, பேடு இரண்டு மூன்று மில்லிக்கு வந்தபின் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். ரோட்டுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் ஹெல்மெட் மாட்டி, என்ஜின் 6,000 சுற்றில் அலறிக்கொண்டிருக்க, டயர்கள் வேறு தனியாகக் கூச்சலிட, அந்தக் கீச்சொலி யார் காதில் விழும்? விழுந்தாலும் அது சொல்லும் கணக்கு ரோட்டுக் கணக்கு. ரேஸுக்கென்று விற்கும் பேடுகள் பலவற்றில் அந்த நாக்கே கிடையாது.

அலாய் வீலின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாலே போதும் என்பது அவருடைய அடுத்த உபதேசம். அங்கே தெரிவது வெளிப்பக்கப் பேடு. நம் கார்களில் இருப்பவை பெரும்பாலும் ஒற்றை பிஸ்டன் வைத்து நகரும் காலிப்பர்கள். அவற்றில் பிஸ்டன் பக்கமிருக்கும் உள் பேடுதான் பல சமயம் முதலில் தீரும். சறுக்கும் பின்கள் காய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஜாக்கி போட்டு, வீலைக் கழற்றி, நான்கு பேடுகளையும் இரண்டு முனைகளிலும் அளக்க வேண்டும். ஒரு முனை மற்றதைவிட மெலிந்திருந்தால் மெலிந்ததுதான் கணக்கு. ஓரத்தில் விரிசல், பொடிந்து உதிர்தல், மேற்பரப்பில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, பிஸ்டன் ரப்பர் கருகியிருப்பது, தகட்டின் பெயின்ட் வெந்து நிறம் மாறியிருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் எட்டு மில்லி மிச்சமிருந்தாலும் அந்தப் பேடு முடிந்தது. புதுப் பேடில் பத்துப் பன்னிரண்டு மில்லி சரக்கு இருக்கும். அது முதுகுத் தகட்டின் தடிமனுக்கு இறங்கிவிட்டால், அதாவது ஏறக்குறைய பாதியானால், டிராக்கில் அதற்கு வேலை முடிந்துவிட்டது. முதல் செஷன் முடிந்ததும் அளந்து, போனது எவ்வளவு, இன்னும் எத்தனை செஷன் என்று பெருக்கிப் பார்த்து, மறுபாதி வேகமாகப் போகும் என்பதற்கும் இடம் விட்டால் கணக்கு முடிந்தது. இதில் பதற்றம் எங்கே இருக்கிறது?

கம்பெனிப் புத்தகத்தையும் அவர் இழுக்கிறார். ராணே குழுமத்தின் தலைமையகம் கதீட்ரல் சாலையில், அவர் வீட்டுக்குப் பக்கத்தில். பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில். இந்த ஊரே பிரேக் செய்கிற ஊர், அந்த இன்ஜினியர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது ஐயா. காரோடு வரும் புத்தகத்தின் தேய்மான எல்லை சாலை ஓட்டத்துக்கு எழுதப்பட்டது என்று அந்த இன்ஜினியர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவர் நீங்கள்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததே, அது நம் அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும்தானே, ஆக ரோடும் டிராக்கும் ஒன்றுதான் என்று ஒரு வாதம். படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த 3.5 கிலோமீட்டரில் 19 வளைவுகளும் இரு பக்கமும் தடுப்புச் சுவரும் போட்டிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் பிரேக் பிடிக்காவிட்டால் மண்ணில் இறங்கவாவது இடம் இருக்கிறது. சிவானந்தா சாலையில் சுவர்தான். தார் ஒன்றுதான் என்பதால் பிரேக்கும் ஒன்றாகிவிடுமா?

கடைசியில் நடிகர் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் கார் சுழன்று சுவரில் மோதியது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்றது அவருடைய அணி. அவ்வளவு பணமும் ஆளும் இருந்தும் விதி விடவில்லை, பிறகு எதற்கு பேடுக்குச் செலவு என்கிறார் அன்பர். பேடு தேய்ந்துதான் அது நடந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் 24 மணி நேரப் பந்தயங்களில் அணிகள் பேடுகளை நடுவிலேயே கழற்றி மாற்றுவது வழக்கம். எவ்வளவு கவனித்தாலும் பிரேக் போகக்கூடும் என்பதால் கவனிக்காமலே விடலாம் என்று வாதிட ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

மிச்சம் காசு. பாதி பேடைத் தூக்கியெறிவதா என்று கடைசிப் பத்தி முழுக்கப் புலம்பியிருக்கிறார். யார் எறியச் சொன்னது? சூட்டில் கெடாமல் ஐந்து மில்லியில் கழற்றிய சாதாரணப் பேடைத் துடைத்து எடுத்துவைத்து, மறுநாள் அதே சக்கரத்தில் அதே இடத்தில் மாட்டினால் மாட வீதியிலும் உஸ்மான் சாலையிலும் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். டிராக்குக்கு ஒரு செட், ஊருக்கு ஒரு செட். இப்படி மாற்றிக்கொள்கிறவர் ஒரு மில்லியைக்கூட வீணாக்குவதில்லை. கத்தும்வரை விட்டு, இரும்பு உரசி டிஸ்க்கில் வரப்பு விழுந்தபின் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு ஓடுகிறவர்தான் கை நிறையக் கொடுத்துவிட்டு வருகிறார்.

அன்பர் தன் காரை அடுத்த முறை ஜாக்கியில் ஏற்றும்போது உள்பக்கப் பேடை ஒருமுறை அளந்து பார்க்கட்டும். எத்தனை மில்லி என்று எழுதட்டும், அதற்கும் பதில் எழுதுகிறேன்.