கூரையிலே வரவு, அடித்தளத்திலே கடன்!

தோழர்களே!

ஓசூர் வளர்கிறது. 1970-களில் சிப்காட் வந்தது. 2019-ல் ஊர் மாநகராட்சியானது. ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது. ஆலைகள் பெருகினால் குடியிருப்புகளும் பெருகும். சாமல்பட்டியிலே மூட்டை கட்டிப் புறப்படும் தொழிலாளத் தோழன் அங்கேதான் வீடு தேடுவான்.

இன்று உலகெங்கும் ஒரு புது முழக்கம் கேட்கிறது: "செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் தரும் நகர்!" ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலே அப்படி 59 வீடுகள் எழுந்தன. நல்லது, வரவேற்போம்! ஆனால், வரவை மட்டும் காட்டிக் கடனை மறைக்கும் கணக்கை ஏற்கலாமா?

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரி சொல்லும் கணக்கு என்ன? சிமெண்ட் 400 மூட்டை, அதாவது 20 டன். கம்பி 4 டன். ஒரு டன் சிமெண்டுக்கு 0.6 டன், ஒரு டன் எஃகுக்கு 2.5 டன் கரியமிலவாயு என்று வைத்தால், மொத்தம் 22 டன்! விளக்கு எரியுமுன்பே, கதவு திறக்குமுன்பே, காற்றிலே கலந்துவிட்ட கடன் அது. செங்கல்லும் லாரி டீசலும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

வரவு எவ்வளவு? 3 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு 12 யூனிட் தரும். வீட்டுச் செலவு 7 போக மிச்சம் 5. யூனிட்டுக்கு 0.7 கிலோ வாயு மிச்சம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 டன். 22 டன் கடன் தீரப் பதினேழு ஆண்டுகள்! மின்வாரியக் கம்பியிலே காற்றாலை மின்சாரம் கூடக் கூட, நம் யூனிட் தடுக்கும் புகை குறையும். கடன் தீரும் நாளோ தள்ளிப்போகும். இதற்கிடையே இன்வெர்ட்டரையும் மாற்றியாக வேண்டும்.

"அப்படியானால் தகடே வேண்டாமா?" என்று கேட்பார் சிலர். வேண்டும், கட்டாயம் வேண்டும்! தகடு குற்றவாளியல்ல, பாதிக் கணக்கே குற்றவாளி. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எந்த அடுப்பில் சுட்டாலும், கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியேறியே தீரும். ஆலைப் புகை அரியலூருக்கு, பசுமைப் பட்டம் ஓசூருக்கு என்றால், அதற்குப் பெயர் நீதியா?

பரிகாரம் இல்லாமல் இல்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் கலந்த சிமெண்ட் இருக்கிறது. கிருஷ்ணகிரி மண்ணிலேயே கல் இருக்கிறது. நிலத்தடியிலே கார் நிறுத்தக் கொட்டும் கான்கிரீட்டைக் குறைக்கலாம். இடிக்கவேண்டாத கட்டடத்தைப் பழுதுபார்த்து வாழவைக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டம் செய்தது. 2028 முதல் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களும், 2030 முதல் எல்லாப் புதுக் கட்டடங்களும், கட்டுவது முதல் இடிப்பது வரையிலான கரிக்கணக்கைக் காட்டியாக வேண்டும். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

ஓசூரிலே டெண்டர் விடும்போதே அந்தக் கணக்கைக் கேட்போம். கல்குவாரி முதல் இடிபாடு வரை முழுக் கணக்கைக் கேட்போம். கட்டி முடித்தபின் கேட்டால், கடன் சீட்டுத்தான் கையிலே மிஞ்சும், தோழர்களே!