ரிஜிஸ்டருக்காக ஒரு ரயில் பயணம்

செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு தினமும் மின்சார ரயிலில் வந்து பி.எச்டி. செய்கிறவர்களின் கணக்கு சுலபமானது. வீட்டிலிருந்து ஸ்டேஷன், வண்டிக்குக் காத்திருப்பு, பயணம், இறங்கி டிபார்ட்மெண்ட் வாசல் வரை... ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். போக வர நான்கு. மாதம் 20 நாள் என்றால் 80 மணி நேரம்! ஒரு அத்தியாயத்தை அடித்துத் திருத்தி எழுதிவிடலாம்.

ரயிலில் படிக்கலாமே என்பார்கள் சிலர். காலை எட்டு மணி வண்டியில், தாம்பரம் தாண்டியபின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

2020 ஊரடங்கில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. சோதனைக்கூடத்தை நம்பியிருந்தவர்களுக்கு வேலை அப்படியே நின்றது. கம்ப்யூட்டரும் புத்தகமும் போதும் என்றிருந்தவர்களுக்கு ஓடியது. ஊரடங்கு முடிந்ததும் பல துறைகளில் இரண்டு தரப்பையும் ஒரே ரிஜிஸ்டரில் தினமும் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு கேண்டீனில் உட்கார்ந்திருப்பவர் ‘வருகை’. வீட்டில் பத்து பக்கம் எழுதியவர் ‘விடுப்பு’. என்ன நியாயமோ!

அதற்காக முழுக்க வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்பதும் சரியில்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் ஆன்லைனில் பி.எச்டி. நடத்தக்கூடாது என்கின்றன. விதியை விடுங்கள். டீ குடிக்கும்போது சீனியர் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரி மூன்று மாத வேலையை மிச்சப்படுத்தும். அது ஜூமில் கிடைக்காது. தவிர, வீடு என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. கல்யாணமான பெண் லேப்டாப்போடு உட்கார்ந்தால் ‘வீட்டுலதானே இருக்கே’ என்று சிலிண்டர் வாங்குவதிலிருந்து மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதுவரை அவள் தலையில்தான் விழும். அவர்களில் சிலருக்கு அந்த நெரிசல் ரயில்தான் நிம்மதி.

நாளைத் தீர்மானிக்க வேண்டியது வேலைதான். சோதனை, குழுக் கூட்டம், கைடு சந்திப்பு எல்லாவற்றையும் வாரத்தில் மூன்று நாளுக்குள் அடுக்கிவிட்டால் மற்ற நாட்கள் எழுதுவதற்கு. ஆய்விதழ்களை வீட்டிலிருந்தே திறக்க இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் வசதி இருக்கிறது. (அந்த ஐ.டி.யைக்கூட லைப்ரரியில் கேட்டு வாங்காமல் மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு.) வேலை நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே 2022 விதிமுறையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தை உருப்படியாக நடத்தினாலே ரிஜிஸ்டருக்கு இத்தனை மரியாதை தேவைப்படாது.

ஆனால் கைடு வாய் வார்த்தையாக ‘சரிப்பா, வீட்டில் எழுது’ என்றால் அதை நம்பி உட்காரக்கூடாது. துறைத்தலைவர் மாறினால் அந்த வார்த்தையும் போச்சு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். அது ஒவ்வொரு மாதமும் நிறுவனம் உறுதி செய்தால்தான் வரும். புதிதாக வந்தவர் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி ‘இந்த நாளெல்லாம் எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்டால், காட்ட ஒரு காகிதம் வேண்டும். எந்தெந்த நாள் வளாகம், எந்தெந்த நாள் வீடு, என்ன வேலை என்று அரைப்பக்கம், கீழே கைடு கையெழுத்து. செமஸ்டர் தொடக்கத்திலேயே வாங்கி, ஒரு நகலை ஆபீஸில் கொடுத்து சீல் போட்டு வாங்கிக்கொள்வது நல்லது.