கூரை ஏறிப் பார்த்தவர்கள்

மழைக்காலம் தொடங்குமுன் ஓட்டு வீட்டின் மேல் ஆளை ஏற்றி, உடைந்த ஓடுகளை மாற்றுவது ஊரில் நாம் கண்ட வழக்கம். கணினி வலைப்பின்னல்களுக்கும் இத்தகைய பணி உண்டு. அதற்கென்றே ஓட்டை தேடும் மென்பொருள்கள் இருக்கின்றன. 1995-இல் டான் ஃபார்மரும் வீட்சே வெனெமாவும் அவ்வாறான கருவி ஒன்றை இலவசமாக வெளியிட்டபொழுது, கள்வர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் கலங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயரும் 'சாத்தான்'! இன்றோ பெரிய நிறுவனங்கள் இத்தகைய சோதனையைத் தவறாமல் நடத்துகின்றன.

கருவியின் வேலை எளிதே. வலைப்பின்னலிலுள்ள ஒவ்வொரு கணினியின் வாயில்களையும் தட்டிப் பார்க்கும். திறந்த வாயிலின் பின்னே இயங்கும் மென்பொருள் யாது, எந்தப் பதிப்பு என்று அறிந்து, ஏற்கெனவே தெரிந்த குறைகளின் பட்டியலோடு ஒப்பிடும். (பிறர் வலைப்பின்னலை அனுமதியின்றித் தட்டுவது குற்றமாகலாம்; கணினி பயிலும் நம் பிள்ளைகள் இதனை மறக்கலாகாது.)

அக்கருவி 'குறையில்லை' என்று சொல்லிவிட்டால் அச்சமில்லையா? அமெரிக்காவில் மக்களின் கடன் நாணயத்தைக் கணிக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். அந்நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் கொடிய ஓட்டை ஒன்று இருப்பது 2017 மார்ச் 7 அன்று வெளியாயிற்று. அடைக்கும் வழியும் உடன் வந்தது. 9-ஆம் நாள் நிறுவனத்தில் எச்சரிக்கை மடல் சுற்றுக்கு விடப்பட்டது. ஆனால் முகவரிப் பட்டியல் பழையது. ஓட்டையை அடைக்க வேண்டியவருக்கே மடல் போய்ச் சேரவில்லை. 15-ஆம் நாள் கருவியை ஏவிச் சோதித்தனர். அது ஒன்றும் காணவில்லை. ஓட்டையோ அங்கேயே இருந்தது! மேலடுக்கை மட்டும் பார்த்த கருவி, உள்ளடுக்குகளுக்குள் நுழையவில்லை. முன்கட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, சமையற்கட்டுப் பக்கம் போகாமலே இறங்கிய ஆளைப் போன்றது இது. எவற்றைச் சோதித்தீர், எவை விடுபட்டன என்று அன்று யாரேனும் வினவியிருந்தால் கதை வேறாயிருக்கும்.

மே 13 அன்று கள்வர் புகுந்தனர். எழுபத்தாறு நாள்கள் உள்ளே உலவினர். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. வெளிச்செல்லும் மறைகுறித் தகவலைப் பிரித்துப் பார்க்கவேண்டிய காவற்கருவி ஒன்றும் அங்கே இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததால் அது பார்வையிழந்து கிடந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தனர். அன்றே களவு கண்ணில் பட்டது.