வண்டிக்கு வேண்டாத அலங்காரம்

பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகளில் வண்டி அலங்காரச் சாமான் வாங்க வருகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. மொபெட், ஸ்கூட்டர், மாருதி என்று படிப்படியாக வளர்ந்த ஆசை, சிலருக்கு இப்போது பிக்-அப் வண்டியில் வந்து நிற்கிறது. முன்பக்கம் காரைப் போல இருக்கும். பின்பக்கம் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி.

இந்த ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. ஆஸ்திரேலியாவில் இவ்வகை வண்டிக்கு ‘யூட்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை சந்தைக்குப் பன்றி ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும் என்று விவசாயி ஒருவரின் மனைவி 1932இல் ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். அதன் பேரில் லூயிஸ் பேண்ட் என்பவர் வரைந்த வண்டி 1934இல் வெளிவந்தது. உழைப்புக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி என்ற கணக்கு, ஊரைவிட்டு வந்து பாடுபடுகிறவனுக்குப் புரியாததா? இந்தியாவிலும் இசுஸு வி-கிராஸ் 2016இல் வந்தபின், சொந்த உபயோகத்துக்கென்றே பிக்-அப் வாங்குவோர் உண்டு.

வாங்கிய பிறகு செய்கிற காரியங்களில்தான் தொல்லை தொடங்குகிறது. நல்ல சீட் கவர், கால் மிதி, பெட்டிக்கு மழைத் தார்ப்பாய், கம்பெனி அனுமதித்த அளவில் தரமான டயர் — இவை பணத்துக்குப் பயன் தருபவை. ஆனால் ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் பாரம் மேலேறி, வளைவில் கவிழும் அபாயம் கூடும். பெரிய டயர் போட்டால் பிரேக்கின் வேலை அதிகரிக்கும். ஸ்பீடாமீட்டரும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி நடந்து போகிறவரை நசுக்கும். மோதும்போது ஏர்பேக் உரிய நேரத்தில் விரியாமலும் செய்யலாம். இதனால்தான் மத்திய அரசு 2017 டிசம்பரில் அந்தக் கம்பிகளைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. உறுமும் சைலன்ஸரால் யாருக்கு என்ன லாபம்?

சட்டமும் கடுமையானது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் போகட்டும். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்க இடம் கிடைக்கிறது. கடனில் வாங்கிய வண்டிக்கு அந்த நிலை வந்தால் குடும்பமே தெருவுக்கு வரும். பொங்கலுக்கு ஊர் போகையில் பின்பெட்டியில் உறவினரை ஏற்றிக்கொள்வதும் விபரீதமே.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய நம்பர் வாங்க வேண்டும். வரியும் கட்ட வேண்டும். 2021இல் வந்த ‘பி.எச்.’ நம்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள கம்பெனி ஊழியருக்கும்தான். பெரிய கம்பெனி குமாஸ்தாவுக்குக் கிடைக்கும் சலுகை, பிழைப்புக்காக ஊர் ஊராக மாறும் பெயின்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கிடையாது. இது நியாயமா? அவர்களுக்கும் அதை விரிவாக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.

எந்த மாற்றம் செய்யலாம், எது கூடாது என்று எளிய பட்டியலை அந்தந்த ஊர் மொழியிலும் தமிழிலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒட்டினால் பாதிப் பேர் தப்பு செய்யமாட்டார்கள். கம்பியையும் சைலன்ஸரையும் விற்கிற கடைக்காரரை விட்டுவிட்டு, வாங்கியவனை மட்டும் சாலையில் நிறுத்துவதும் முறையல்ல.

அதுவரை, சாமான் வாங்கப் போகிறவர் முதலில் ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது. வண்டி அழகாக இருப்பதைவிட, அதில் போனவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதல்லவா முக்கியம்?